வந்தாச்சு

எங்கள் தெருவில் குழாய் திறக்க வேண்டுமென்றால் என் வீட்டுக்காரர் குரல் கொடுக்க வேண்டும். கட்டிலை விட்டு எழ முடியாத மனிதர்தான். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. குரலுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. மூன்றாம் மாடிச் சாரத்தில் நின்றுகொண்டு கீழே கலவை போடுகிறவனைத் திட்டித் திட்டிப் பழுத்த கொத்தனார் குரல் அது. "வந்தாச்சு!" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் தெருவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். உடனே எல்லா வீட்டிலும் குழாயைத் திறப்பார்கள்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் இருப்பது உப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவினால்கூட வெள்ளை பூக்கும். வட்டாரக் குடிநீர் அலுவலகம் எங்கிருந்தோ குழாய் போட்டு நல்ல தண்ணீர் கொண்டுவருகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை, மதியத்துக்கு மேல், ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் குழாய்க்குள் வெறும் காற்றுதான். அங்கே திறந்துவிட்டதும் முதலில் அந்தக் காற்று உஸ்ஸென்று பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வரும். அப்புறம் துப்பித் துப்பிக் கலங்கல். அதற்கப்புறம்தான் தண்ணீர். எங்களுடையது கடைசி வீடு, கொஞ்சம் மேடு வேறு. குழாய் எங்கள் வாசலோடு முடிகிறது. எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் தெரு முழுக்க வந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, வாய் நிறைய அண்ணன். தெருவில் அவருக்குக் 'கணக்கு' என்று பெயர். கூட்டுறவுக் கடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். யார் வீட்டில் எந்த பில் வந்தாலும் அதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கூட்டிப் பார்த்து, "சரியாத்தான் போட்டிருக்கான்" என்பார். அதைக் கேட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. என்னைத் தங்கச்சி என்பார். அந்த முறையில் என் வீட்டுக்காரர் அவருக்கு மாப்பிள்ளை.

ஒருநாள் வந்து, இவருடைய கட்டிலை அவரே ஒரு கை பிடித்து ஜன்னலோரம் நகர்த்திப் போட்டார். ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் எங்கள் குழாய்.

"மாப்ள, இனிமே தெருவுக்கே நீதான் காவக்காரன். காத்து வர்ற சத்தம் உனக்குத்தான் நல்லா கேக்கும். குழாய தொறந்தே வெச்சிடு. காத்தெல்லாம் போய் தண்ணி விழுந்ததும் ஒரு குரல் குடு. நாங்க அதுக்கப்புறம் தொறந்துக்கறோம். பொம்பளைங்க சும்மா குழாயடியில காவல் காத்துக்கிட்டு நிக்க வேண்டியதில்ல பாரு."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சாரத்திலிருந்து விழுந்த பிறகு அவரிடம் யாரும் எந்த வேலையும் சொன்னதில்லை. வருகிறவர்கள் எல்லாம் "நீங்க பேசாம படுங்க" என்றுதான் சொல்வார்கள். அவர் பேசத்தான் வேண்டும் என்று முதன்முதலாக ஒருவர் வந்து சொல்கிறார்.

"அது என்ன மச்சான், ஜமாய்ச்சிடலாம்" என்றார்.

அன்றிலிருந்து தண்ணீர் நாள் என்றால் அவருக்கு வேலை நாள். காலையிலேயே சவரம் செய்துவிடச் சொல்வார். தலை சீவிக்கொள்வார். வெந்நீர் கேட்டு வாங்கித் தொண்டையைச் செருமிச் சரி பார்ப்பார். "என்ன, மேடையில பாடப் போறீங்களா?" என்று நான் கிண்டல் செய்வேன். "உனக்கென்ன தெரியும், ஊரே என் வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு" என்பார். அன்றைக்கு மட்டும் ஒரு வாய் கூடச் சாப்பிடுவார். கணக்கு அண்ணனை நான் மனசார வாழ்த்தினேன். இப்போது நினைத்தால் என் நாக்கை நானே கடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

இதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். குழாய் முடிகிற இடத்தில், எங்கள் வாசலில், முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். குழாய் பதித்தவர்கள் வைத்துவிட்டுப் போனது. தண்ணீர் வரும்போது அதன் தலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் தெருவில் அதற்குப் பெயர் சொட்டுக் குழாய். உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. சொட்டுகிறதே என்று நான் ஒரு வாளியை வைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வாளி நிறையும். படுக்கையில் கிடக்கிறவருக்குத் துணி அலச ஆகுமே. தரையில் ஓடுகிறதைப் பிடிக்கிறதில் என்ன தப்பு? இன்றைக்கும் எனக்கு அதில் தப்பு தெரியவில்லை.

அந்த ஒரு வாளி எத்தனை பேர் கண்ணை உறுத்தியிருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் பில்லில் 'பொது இழப்பு' என்று ஒரு வரி இருக்கும். தெருவில் ஒழுகி வீணாகிற தண்ணீருக்கு எல்லா வீட்டுக்கும் பங்கு போட்டு அலுவலகம் வசூலிக்கிறது. ஆளுக்கு ஒரு டீ குடிக்கிற காசு வரும். "ஒழுகறது நம்ம காசு, புடிக்கறது அவ வாளி" என்று கணக்கு வீட்டு அண்ணி சொன்னாளாம். அடுத்த நாள் கணக்கு அண்ணன் சைக்கிள் கடைக்காரனைக் கூட்டிவந்து அந்தக் குமிழுக்கு ஒரு மூடியைப் போட்டு முறுக்கி, மேலே சிமெண்டும் வைத்துப் பூசிவிட்டார். பூசுகிறதைக் கட்டிலிலிருந்தே வாசல் வழியாகப் பார்த்த என் வீட்டுக்காரர், "கலவையில தண்ணி அதிகம் மச்சான்" என்று யோசனை வேறு சொன்னார். பில்லில் அந்த ஒரு டீ காசு குறைந்தது. தெரு கணக்கு அண்ணனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

அதற்கப்புறம்தான் எங்கள் பில் ஏற ஆரம்பித்தது.

முதல் தடவை ஏதோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை இன்னும் ஏறியது. எங்களுக்குச் சலுகைக் கட்டணம். வருமானம் இல்லாத வீடு, படுத்த படுக்கையாக ஓர் ஆள் என்று எழுதிக் கொடுத்து, அலைந்து வாங்கியது. அந்தச் சலுகை முதல் ஸ்லாபுக்குள், அதாவது குறைந்த உபயோகத்துக்கான அளவுக்குள், இருக்கிறவரைக்கும்தான். ஸ்லாப் தாண்டினால் சலுகை போய்விடும். சலுகை போனால் தாண்டின தண்ணீருக்கு மட்டுமல்ல, முதல் சொட்டிலிருந்து முழுக்கட்டணம். யார் யோசித்துப் போட்ட சட்டமோ, அவர்கள் வீட்டில் குழாய் வற்றாமல் இருக்கட்டும்.

பில்லை எடுத்துக்கொண்டு கணக்கு அண்ணனிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கூட்டினார். "சரியாத்தான் போட்டிருக்கான் தங்கச்சி. நோயாளி இருக்கற வீடு, செலவாகத்தானே செய்யும்" என்றார்.

அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கவுண்டரில் ஒரு பெண். எனக்கு மகள் இருந்தால் அந்த வயதிருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உங்க வீட்டு உபயோகம் கூடிப்போச்சும்மா."

"எங்க வீட்ல ரெண்டு பேருதாம்மா. அதுல ஒருத்தர் எழுந்திருக்கவே மாட்டார்."

"கொறச்சலா செலவு பண்றவங்களுக்குத்தான் சலுகை."

"நான் பாதி நாள் குளிக்கறதே இல்ல. இதுக்கு மேல எங்க போய் கொறைக்கறது?"

"மீட்டர் சுத்தியிருக்கே. மீட்டர் சுத்தினா அது தண்ணிதாம்மா." அவள் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கெட்ட பெண் இல்லை. "எங்கயாவது ஒழுகுதான்னு பாருங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். எங்கேயும் ஒழுகவில்லை. ஒழுகுகிற அளவுக்கு எங்கள் வீட்டில் குழாய் ஏது? ஒரே குழாய், அதுவும் ஜன்னலோரம்.

நான் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். ஓரம் அடிக்கிற மெஷினை விற்று ஒரு பில்லைக் கட்டினேன். அடுத்த பில்லுக்கு விற்க ஒன்றுமில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. தண்ணீரை இறுக்கிப் பிடித்தேன். தினமும் மாற்ற வேண்டிய விரிப்பை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினேன். அப்புறம் அதையும் தள்ளிப் போட்டேன். துணி அலசின தண்ணீரில் தரை துடைத்து, அதே தண்ணீரைக் கக்கூஸுக்கு ஊற்றினேன். அவர் முதுகின் அடியில் ஒரு சிவப்புத் தடிப்பு வந்தது. ஊசி போட வருகிற நர்ஸம்மா பார்த்துவிட்டு, "இது புண்ணாகப் போகுது. ரெண்டு வேளையும் சுத்தமா கழுவி, காயவெச்சு, விரிப்ப மாத்தணும். தண்ணிக்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கஞ்சத்தனமாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இணைப்பைத் துண்டிக்க அலுவலகத்திலிருந்து ஃபிட்டர் வந்தான். சின்ன வயது, தோளில் ஒரு பை, அதில் நீளமாக ஒரு ஸ்பேனர். நான் அவனை வாசலிலேயே மடக்கினேன். உள்ளே இவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, சத்தம் போடாத. அவருக்குத் தெரிய வேண்டாம்."

அவன் தலையாட்டிக்கொண்டே குழாய் முடிகிற இடத்துக்குப் போனான். போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, இதுக்கு மூடி போட்டது யாரு?"

"சொட்டுக் குழாயா? பக்கத்து வீட்டு அண்ணன்தான். ஒழுகுதுன்னு."

"இது சொட்டுக் குழாய் இல்லக்கா. காத்து வால்வு. குழாய்க்குள்ள இருக்கற காத்து வெளிய போறதுக்குத்தான் இத வெக்கறது. இத அடைச்சிட்டா காத்து எந்த வழியா போகும்? எந்த வீட்ல குழாய் தொறந்திருக்கோ அந்த வழியாத்தான் போகும். போறப்போ மீட்டரயும் சுத்திவிட்டுட்டுப் போகும். தண்ணியவிட காத்து வேகமா சுத்தும்க்கா."

தெரு முழுக்கக் குழாயை மூடிவைத்துக்கொண்டு காத்திருக்கிறது. எங்கள் குழாய் மட்டும் திறந்திருக்கிறது. தெருவின் காற்றெல்லாம் எங்கள் மீட்டர் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அது போய் முடிந்ததும் என் வீட்டுக்காரர் சந்தோஷமாக ஊரைக் கூப்பிட்டுத் தகவல் சொல்கிறார்.

"இது அந்த அண்ணனுக்குத் தெரியாது தம்பி. நல்லது நெனச்சு பண்ணியிருப்பார்" என்றேன். அப்படித்தான் நம்ப விரும்பினேன்.

ஃபிட்டர் மென்று முழுங்கினான். "அவரு மூடி போடறதுக்கு முன்னாடி ஆபீசுக்கு வந்து கேட்டாருக்கா. நான்தான் சொன்னேன், மூடாதீங்க, காத்து மீட்டர்ல ஏறும்னு. யாரு மீட்டர்லன்னு கேட்டாரு. யாரு மொதல்ல தொறக்கறாங்களோ அவங்க மீட்டர்லன்னு சொன்னேன். சரி தம்பின்னு சிரிச்சிட்டுப் போயிட்டாரு."

அவனுக்கு மூடியை எடுக்க அதிகாரம் இல்லையாம். அது சொட்டினதே வால்வு பழுதானதால்தான், புதுசு போட வேண்டும், தெரு சம்மதித்துச் செலவைப் பங்கு போட்டுக்கொண்டால் போடலாமாம். துண்டிப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுப் போனான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

நான் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். கணக்கு அண்ணன் கூடத்தில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்க வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் தேவை என்னுடையது, அதனால் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"அண்ணே, அந்த மூடிய எடுத்திடுங்க. புது வால்வு போட தெருவுல பேசுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. எங்க இணைப்ப வெட்டப் போறாங்க."

அவர் செய்தித்தாளை மடித்தார். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முகம் மாறவில்லை.

"வால்வு என்ன விலை தெரியுமா தங்கச்சி? அப்புறம் அது ஒழுகும். பொது இழப்பு திரும்ப ஏறும். எல்லார் வீட்லயும் இழுத்துப் புடிச்சுத்தான் ஸ்லாபுக்குள்ள நிக்கறாங்க. யாரு ஒத்துக்குவாங்க?"

"அப்ப எங்க ஸ்லாப் மட்டும் போகலாமா?"

"மீட்டர் உன் வாசல்ல. குழாய் உன் வீட்டுக் குழாய். தொறந்து வெக்கறது உன் கை. நான் வந்து தொறந்தேனா? மாப்ளைக்கு ஒரு வேலை குடுத்தேன். அந்த மனுஷன் முகத்துல சிரிப்பு வந்துச்சா இல்லையா, நீயே சொல்லு."

வந்ததுதான். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

"இனிமே தொறக்க மாட்டேன்" என்றேன். "அவரையும் குரல் குடுக்க வேண்டாம்னு சொல்லிடறேன்."

"தாராளமா சொல்லு. ஏன் குரல் குடுக்க வேண்டாம்னு மாப்ள கேப்பாரே? உனக்குச் சங்கடமா இருந்தா நானே வந்து பக்குவமா எடுத்துச் சொல்றேன். நீ கத்திக் கத்தித்தான் உன் பொண்டாட்டி மெஷின வித்தான்னு."

அண்ணி கீரையை விட்டுத் தலை நிமிரவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "வேண்டாம்ண்ணே. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றேன். கேட்கப் போனது என்ன, கெஞ்சிவிட்டு வந்தது என்ன.

அடுத்த தண்ணீர் நாளில் அவர் வழக்கம்போலச் சவரம் செய்துவிடச் சொன்னார். செய்துவிட்டேன். தலை சீவிவிட்டேன். காற்று சீறிக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியே மீட்டரைப் பார்த்தேன். முள் கண்ணுக்கே தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டெட்டு வைத்தால் குழாயை மூடிவிடலாம். அவர் காதைத் தீட்டிக்கொண்டு, ஒரு விரலைத் தூக்கி, என்னைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார். "இரு, இரு, வருது" என்றார். வேலை செய்கிற ஒரு ஆளின் முகம் அது. எனக்கு அவரை அவ்வளவு பிடித்தது, அவ்வளவு அழுகை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"வந்தாச்சு!" என்று கத்தினார். தெரு முழுக்கக் குழாய்கள் திறந்தன.

ஃபிட்டர் சொன்னபடி, இவர் தூங்குகிற நேரத்தில் வந்து துண்டித்தான். மீட்டருக்கு முன்னால் குழாயை வெட்டி ஓர் அடைப்பை வைத்தான். என் முகத்தைப் பார்க்காமலே வேலையை முடித்துவிட்டுப் போனான்.

இவரிடம் பொய் சொன்னேன். எங்கேயோ மெயின் குழாய் உடைந்துவிட்டது, தெருவுக்கே தண்ணீர் இல்லை, சரி பண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். "அடப் பாவமே, எல்லாரும் என்ன பண்ணுவாங்க" என்று தெருவுக்காக வருத்தப்பட்டார்.

மெயின் ரோட்டில் மாவு மில்லில் கெஞ்சி ஒரு குடம் வாங்கிக்கொண்டு வருவேன். குடிக்கவும் சமைக்கவும் போக மிச்சத்தில் அவரைத் துடைப்பேன். அக்கம்பக்கத்தில் ஒரு குடம் கேட்காமல் இல்லை. கேட்டேன். "எங்க ஸ்லாப் ஏறிடும்மா" என்றாள் ஒருத்தி. "அவர் திட்டுவாரு" என்றாள் இன்னொருத்தி. கணக்கு வீட்டு அண்ணி கதவையே திறக்கவில்லை. உப்புத் தண்ணீரில் விரிப்பை அலசினேன். அது காய்ந்ததும் மொறமொறவென்று நின்றது. அந்த விரிப்பில்தான் அவரைப் படுக்கவைத்தேன். தடிப்பு புண்ணாகி, புண் குழியாகி, அறையில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. அவருக்குத்தான் அங்கே வலி தெரியாதே. காய்ச்சல் மட்டும் தெரிந்தது.

ஒருநாள் மதியம் காய்ச்சலோடு கண் மூடிக் கிடந்தவர் சட்டென்று விழித்தார்.

"பக்கத்து வீட்ல தண்ணி விழுது" என்றார்.

"இல்லங்க. அது வேற ஏதோ சத்தம்."

"எனக்குத் தெரியாதா? தண்ணிதான். பித்தள அண்டாவுல விழுது." அவர் காதைச் சுவர் பக்கம் திருப்பினார். "நான் சொல்லவே இல்லையே. நான் சொல்லாம எப்படி தொறந்தாங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே எங்கள் குழாயைப் பார்த்தார். "நம்ம வீட்டுக்கு மட்டும்தான் வரலையா?" என்று கேட்டார். நான் அழுதேன். அதுவே பதிலாகிவிட்டது. எவ்வளவு பாக்கி என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவர் சவரம் செய்துவிடச் சொல்லவும் இல்லை. அந்தக் குரலை மறுபடி நான் கேட்கவில்லை. பேச்செல்லாம் மெல்லிய முனகலாகவே இருந்தது. காய்ச்சல் இறங்காமலே ஒரு விடிகாலையில் போய்விட்டார்.

செய்தி தெரிந்ததும் தெரு திரண்டு வந்தது. அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டுமே. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குடம் வந்தது. கணக்கு வீட்டிலிருந்து அந்தப் பித்தளை அண்டாவே வந்தது. என் வாசலில் குடங்கள் வரிசையாக நின்றன. நல்ல தண்ணீர், கண்ணாடி மாதிரி. இதில் பாதி முன்னமே வந்திருந்தால் என்று நான் நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு யாருடைய ஸ்லாபும் ஏறவில்லை. அவர் உடம்பை அவ்வளவு தண்ணீர் ஊற்றிக் கழுவி மாதக்கணக்காகியிருந்தது.

எங்கள் குழாயை அடைத்துவிட்டால் காற்று எங்கே போகும்? அதற்கு வீட்டுக்கு வீடு வித்தியாசம் தெரியாது. கடைசிக்கு முந்தின வீடு கணக்கு வீடுதான்; குரல் கேட்காததால் தண்ணீர் வந்ததா என்று பார்க்க முதலில் திறந்ததும் அவர்தான். அவர் மீட்டர் ஃபேன் மாதிரி சுற்றியதாம். ஒரே பில்லில் அவர் ஸ்லாப் போய்விட்டது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கூட்டிப் பார்த்துச் சரியாகத்தான் போட்டிருக்கிறான் என்று கண்டிருப்பார். அடுத்த தடவை அவர் குழாயைத் திறக்கவில்லை. அவருக்கு முந்தின வீட்டில் திறந்தார்கள், அவர்களுக்கு ஏறியது. அதற்கப்புறம் யாரும் திறக்கத் தயாரில்லை. முதலில் திறக்கிறவனுக்குக் காற்று, அடுத்தவனுக்குத் தண்ணீர் என்று தெருவுக்கே புரிந்துவிட்டது. எல்லா வீட்டிலும் குழாயை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தடவை அப்படியே ஒரு மணி நேரமும் போய், அலுவலகத்தில் தண்ணீரை மூடியும்விட்டார்களாம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தேன்.

அதற்கடுத்து ஒரு காலையில் கணக்கு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். அண்ணியும் கூட. தெருவில் இன்னும் இரண்டு பேர் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை. அவர் காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தார், அதில் உட்காரத் தயங்கி நின்றுகொண்டார்.

"தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. தெருவுல எல்லாரும் பேசினோம். உன் பாக்கிய நாங்களே கட்டிடறோம். இணைப்பு திரும்ப குடுத்திடுவாங்க."

"வால்வு போடப் போறீங்களா?"

"அது... கூட்டிப் பாத்தோம். வால்வு, அதுக்கு ரிப்பேர், பொது இழப்பு எல்லாம் சேத்தா ரொம்ப ஆகுது. உன் பில்ல பங்கு போட்டுக்கிட்டா அதவிட கம்மிதான்." கணக்கு சொல்லும்போது அவர் குரலுக்குத் தெம்பு வந்துவிட்டது. "உனக்கு ஒரு பைசா செலவில்ல. உனக்கு வேண்டிய தண்ணிய புடிச்சுக்கோ. புடிக்கலைன்னாலும் பரவாயில்ல. குழாய மட்டும் தொறந்து வை. காத்து போய் தண்ணி விழுந்ததும்..." இங்கே கொஞ்சம் தடுமாறினார். "மாப்ள சொல்ற மாதிரி, ஒரு குரல் குடுத்தா போதும்."

அண்ணி என் தோளைத் தொட்டாள். "எங்க வீட்டு அண்டா உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

என்னென்னவோ வாய்வரைக்கும் வந்தது. வெளக்கமாற்றை எடுக்கலாமா என்றும் தோன்றியது. ஆனால் என் குடம் காலியாக இருந்தது. மாவு மில்காரன் முந்தின நாள்தான், "இனிமே வராதம்மா" என்று சொல்லியிருந்தான். இந்த ஊரில் தண்ணீர் இல்லாமல் ரோஷத்தை மட்டும் குடித்து உயிரோடு இருக்க முடியாது.

"சரிண்ணே" என்றேன்.

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "நீ தங்கமான பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாக்கியைக் கட்டினார்கள். ஃபிட்டர் வந்து அடைப்பை எடுத்து இணைத்தான். காலியான கட்டிலை ஜன்னல் வழியே பார்த்தவன், "வர்றேன்க்கா" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

தண்ணீர் நாள் வந்தது. நான் வீட்டில் இருந்த பாத்திரத்தையெல்லாம் குழாயடியில் பரப்பினேன். பித்தளை அண்டா, குடங்கள், வாளி, அவருடைய கலவைச் சட்டிகள். அவர் தோளில் போட்டுக்கொள்ளும் துண்டை எடுத்துக் குழாயின் வாயில் கட்டித் தொங்கவிட்டேன். குழாயைத் திறந்தேன். தெரு முழுக்க அமைதி. எல்லா வீட்டிலும் குழாயில் கையை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருப்பார்கள்.

காற்று சீறிக்கொண்டு வந்தது. துண்டு படபடவென்று அடித்துக்கொண்டது. அப்புறம் கலங்கல் துப்பியது. அப்புறம் துண்டு கனத்துத் தொங்கி, அதன் வழியே தண்ணீர் சத்தமில்லாமல் அண்டாவுக்குள் இறங்கியது. அண்டா நிறைந்தது. குடங்கள் நிறைந்தன. அவருடைய விரிப்புகளை, உப்புப் பூத்து விறைத்துக் கிடந்தவற்றை, ஒவ்வொன்றாக நல்ல தண்ணீரில் முக்கினேன். அவை கைக்குள் மெத்தென்று ஆயின. கட்டிலை வாசலுக்கு இழுத்துப்போட்டு அதன் மேல் மெதுவாக ஊற்றி ஊற்றித் துடைத்தேன். தொண்டைக்குள் அந்த ஒரு வார்த்தை இருந்தது. அது அவருடைய வார்த்தை.

சுவருக்கு அந்தப் பக்கம் செருமல் கேட்டது. அந்த ஒரு மணி நேரம் கரைந்துகொண்டிருப்பது கணக்கு அண்ணனுக்கும் தெரியும்.

"தங்கச்சி" என்று குரல் கொடுத்தார். "வந்தாச்சா?"

நான் ஈரத் துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் என் விரல்களின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லண்ணே" என்றேன். "இன்னும் காத்துதான்."